அப்பா கழுத்தில் நான் மாட்டாத அட்டை

விசுவாசக் குடும்பத்தார் எல்லோருக்கும் என் ஸ்தோத்திரங்கள். கர்த்தர் எனக்கு வேலை கொடுத்த கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முன்னால், ஜெபக் கூட்டம் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்த நாட்களைச் சொல்லியாக வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள், மென்மையாகச் சொல்ல எனக்கு வராது.

தானே புயல் அடித்த மறு வருடம். கடலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வெப் டிசைனும் மல்டிமீடியாவும் முடித்துவிட்டு நெய்வேலிக்குத் திரும்பியிருந்தேன். அப்பா சுரங்கத்தில் காண்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் வீடு டவுன்ஷிப்புக்கு வெளியே. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற ஊர் இது; எங்கள் தெருவில் மட்டும் கரண்ட் தங்காது. பாதி டிசைனில் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். எட்டிப் பார்த்தால் அந்தப் பக்கம் குவார்ட்டர்ஸில் விளக்குகள் ஜம்மென்று எரிந்துகொண்டிருக்கும். பற்றிக்கொண்டு வரும்.

முதலில் ஒரு ஃபிளெக்ஸ் கடையில் உட்கார்ந்தேன். காதணி விழா, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. யார் வந்தாலும் ஒரே பேச்சு, "மூஞ்ச கொஞ்சம் வெளுப்பாக்கும்மா." செத்துப்போனவரைக்கூட வெளுப்பாக்கச் சொல்வார்கள். நானும் வெளுத்து வெளுத்து, சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் அந்த மாவு மூஞ்சிகள்தான் தெரிந்தன. வெப்சைட் வேலை கேட்டுப் போன இடத்திலெல்லாம், "இதுக்கு முன்னாடி பண்ணினத காட்டும்மா" என்றார்கள். காட்ட ஒன்றும் இல்லை. ஒன்றைச் செய்து முடித்து, அடியில் என் பெயர் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்வேன். அந்த ஒன்றுதான் கிடைக்கவில்லை.

அப்போதுதான் நாங்கள் போய்க்கொண்டிருந்த ஜெப ஊழியத்தில் வெப்சைட் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். மீடியா வேலைக்குப் பொறுப்பாக இருந்த அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "நீயே பண்ணும்மா, அடியில உன் பேரு வரும்" என்றார். அவர்களின் அறை டவுன்ஷிப்புக்குள் இருந்தது. நல்ல கம்ப்யூட்டர், கரண்ட் போகாத அறை. கர்த்தர் கதவைத் திறந்துவிட்டார் என்று வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கடைசியாக, ஜெபத்தால் நன்மை பெற்றவர்கள் பேசுகிற சாட்சிப் பக்கம் பாக்கி இருந்தது. எங்கள் பக்கத்துக் காண்ட்ராக்ட் வீடுகளில் முதல் ஜெபமே வேலை பெர்மனென்ட் ஆக வேண்டும் என்பதுதான். அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. கேட்டது கிடைப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டதாக எழுந்து நின்று நன்றி சொல்வார்கள். விசுவாச ஸ்தோத்திரம் என்பார்கள். அப்பாவும் ஒருநாள் எழுந்து, "என்னை பெர்மனென்ட் ஆக்கின கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று கண்ணீரோடு சொல்லியிருந்தார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த எல்லோருக்கும் அது வேண்டுதல் என்று தெரியும். அதைக் கேமராவிலும் எடுத்திருந்தார்கள்.

அண்ணன் அதை என் முன்னால் ஓடவிட்டார்.

"முன்னாடி பின்னாடி பேசினதயெல்லாம் வெட்டிடும்மா. இந்த ஒரு வரி போதும். அப்புறம் போட்டோவுல கழுத்துல ஒரு கம்பெனி ஐடி கார்டு மாட்டிடு."

"அண்ணா, எங்கப்பா இன்னும் காண்ட்ராக்ட்டுதான்."

"தெரியும்மா. விசுவாசத்துல ஆயாச்சு இல்ல? பாக்கறவங்களுக்கு விசுவாசம் வளரணும்."

"பொய்யில என்ன அண்ணா வளரும்?"

"ஊழியத்த எதிர்த்துப் பேசாத. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல இதெல்லாம் போட்டுக் காட்டணும். முடியலன்னா சொல்லு, அதுக்குள்ள வேற ஆள வச்சு முடிச்சுக்கறேன். உன் பேரும் வராது."

அவர் போன பிறகு மற்ற வீடியோக்களைத் திறந்து பார்த்தேன். எல்லாம் அதே வெட்டு. தலையும் இல்லை, வாலும் இல்லை, நடுவில் ஒரு வரி அழுகை. அதில் ஒரு அக்கா தன் வீட்டுக்காரர் பெர்மனென்ட் ஆனதற்காக நன்றி சொல்லியிருந்தார். அவரோடு சேர்ந்து நானும் அழுதிருக்கிறேன். எது உண்மை, எது வெட்டியது என்று தெரியவில்லை. சீ என்று வந்தது. வாயிலிருந்த டீயை வெளியே போய்த் துப்பினேன்.

என் பெயர் போவதைவிட அப்பாவின் மானம்தான் என்னை அரித்தது. அவரைவிட மூத்தவர்கள் அவர் ஷிஃப்டிலேயே பெர்மனென்ட்டுக்குக் காத்திருந்தார்கள். கழுத்தில் அட்டையோடு அப்பாவைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? பின்வாசல் வழியாகப் போய்விட்டான் என்பார்கள். மறுநாள் ஷிஃப்டுக்கு எந்த முகத்தோடு போவார்?

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். வேலை கேட்கவில்லை. "ஆண்டவரே, உம்முடைய பேரைச் சொல்கிற எல்லாம் எனக்கு அருவருப்பாக இருக்கிறது. இப்படியே போனால் உம்மையும் வெறுத்துவிடுவேன். அப்படி ஆவதற்குள் ஏதாவது செய்யும்." அவ்வளவுதான் என் ஜெபம். ஆமென்கூடச் சொல்லவில்லை, அவ்வளவு கோபம்.

எழுந்ததும் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அண்ணன் கேட்ட அந்த ஒரு வரியை மட்டும் வெட்டி என் போனில் கொண்டுவந்திருந்தேன். காட்டச் சொன்னார். திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நான்தான் பேசிக்கினு இருக்கேன். ஆனா நான் சொன்னது இது இல்லியே பாப்பா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்கிற நேரம் வந்தது. அப்பா எழுந்தார்.

"நான் முன்ன இங்க நின்னு ஸ்தோத்திரம் சொன்னேனுங்க. இன்னிக்கும் நான் காண்ட்ராக்ட்டுதான். என்னை வச்சி ஒரு படம் பண்ணிக்கினு இருக்காங்க. வேணாங்க. கர்த்தர் குடுத்தா நானே வந்து சொல்றேன். குடுக்கலன்னாலும் நானே வந்து சொல்றேன்."

மைக்கை வாங்க ஒருவர் ஓடிவந்தார். அதற்குள் பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், "எங்க வூட்டுக்காரரும் காண்ட்ராக்ட்டுதாங்க. நாங்க சொன்னதயும் எடுத்துடுங்க."

வீடியோவில் நான் பார்த்த அதே அக்கா. அதற்குப் பிறகு யாரும் பாட்டை ஆரம்பிக்கவில்லை. அன்றைக்கு அந்தப் படங்களைப் போடவும் இல்லை.

சகோதர சகோதரிகளே, அந்த நிமிஷம் என் நெஞ்சிலிருந்த குமட்டல் நின்றது. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. பொய் பேசினவர்கள் நடுவில் உண்மை பேசவும் கர்த்தருக்கு ஆள் இருந்தது, அதுவும் என் வீட்டிலேயே. வாய்விட்டு அழுதேன்.

வெப்சைட் வேலை போயிற்று. அந்த ஊழியத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டு, எங்கள் தெருவுக்குப் பக்கத்திலுள்ள சின்னச் சபையில் சேர்ந்தோம். அப்பா நடந்ததையெல்லாம் ஷிஃப்டில் இருந்தவர்களிடம் அவராகவே சொல்லியிருக்கிறார். அவரோடு வேலை செய்த கலீல் பாய் ஒருநாள் வீட்டுக்கு வந்தார். அவர் மச்சான் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்கிறவர். ஏற்கெனவே யாரோ அவருக்கு வெப்சைட் செய்து, எங்கோ வெளிநாட்டு முந்திரிப் படங்களைப் போட்டுவிட்டார்களாம். படத்தில் பார்த்தது ஒன்று, மூட்டையில் வந்தது ஒன்று என்று வாங்கினவர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள்.

"பொய் படம் போடாத பொண்ணு வேணும்னு கேட்டாரும்மா. நம்ம வூட்டுப் பொண்ணே இருக்குதுன்னு சொல்லிட்டேன்" என்றார்.

பண்ருட்டிக்குப் போய் நானே படம் எடுத்தேன். முழுப் பருப்பை முழுசு என்று போட்டேன், உடைசலை உடைசல் என்று போட்டேன். கொட்டை உடைக்கிற பெண்களின் கைகள், ஓட்டிலிருந்து கசிகிற முந்திரிப் பாலில் கறுத்திருந்தன. அந்தக் கறுப்பை அப்படியே விட்டேன். அடியில் என் பெயர் வந்தது. அதைக் காட்டித்தான் அடுத்த வேலை, அதற்கடுத்த வேலை. இன்று எனக்கென்று ஒரு சின்ன ஆபீஸ் இருக்கிறது. யாரையும் வெளுப்பாக்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது சபைமேல், ஊழியர்மேல், ஜெபத்தின்மேலேயே வெறுப்பு வந்திருக்கலாம். அந்த வெறுப்பை மறைத்துக்கொண்டு பாட்டுப் பாடாதீர்கள். இருக்கிறபடியே அவரிடம் கொண்டுபோங்கள். முகம் சுளிக்காமல் கேட்பார், என்னுடையதைக் கேட்டார். நம்புங்கள்.

அப்பா பெர்மனென்ட் ஆகவில்லை. வயசாகி, காண்ட்ராக்ட்டாகவே வேலையை முடித்துக்கொண்டு வந்த வாரம், சபையில் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"குடுக்கலீங்க" என்றார். "ஆனா என்னைக் கைவிடவும் இல்லீங்க. ஸ்தோத்திரம்."