தட்டில் விழுந்த திருநீறு

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். நாலு பேர் முன்னால் பேசவே கூச்சப்படுவேன். இதை எழுதத் துணிந்ததற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடங்களுக்கு முன், கண்டிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தொழிற்சாலையில் சேர்ந்தேன். காது கேட்காதவர்கள் காதில் வைக்கும் கருவிக்குக் கம்பிச் சுருள் செய்யும் இடம். சுருள் அரிசிக் குருணை அளவுதான். கம்பியோ தலைமுடியைவிட மெல்லியது. ஆறு மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குவோம் என்றார்கள். நாற்பத்தைந்து வயதில் எனக்கு வேறு எங்கே வேலை கிடைக்கும்?

ஆறாவது மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை. அன்று என் தட்டில் உள்ள சுருள்களைப் பரிசோதித்துத்தான் முடிவு சொல்வார்கள். எல்லாம் நல்லபடியாக முடியவேண்டும் என்று காலையில் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு போனேன்.

மத்தியானம் பரிசோதனை செய்யும் மிஸ் என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட இளையவர்.

"அக்கா, உங்கட தட்டு முழுக்க வெள்ளையா ஏதோ கிடக்கு. சுவர்ச் சுண்ணாம்போ? இஞ்ச வந்து பாருங்கோ."

எங்கள் மேசையில் பூதக்கண்ணாடி மட்டுமே உண்டு. மிஸ்ஸின் பெரிய நுணுக்குக்காட்டியில் அன்றுதான் முதல்முறை கண் வைத்தேன். செம்புக் கம்பி தேர் வடம் போலத் தெரிந்தது. ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் வரிசை வரிசையாக மின்னியது. இதையா என் விரல்கள் சுற்றின? அதன் நடுவே பெரிய பெரிய வெள்ளைப் பாறைகள்.

பேசாமல் இருந்திருந்தால் சுண்ணாம்பு என்றே போயிருக்கும். ஆனால் மனம் கேட்கவில்லை.

"மிஸ், அது என் திருநீறுங்க. வாசல் பலகையில பவுடர் பூசக்கூடாதுன்னுதான் எழுதியிருக்கு. திருநீறு பவுடர் இல்லையேன்னு..."

பக்கத்து மேசையில் இருக்கும், நாங்கள் ராத்தா என்று கூப்பிடும் முஸ்லிம் அக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "யா அல்லாஹ்! நெத்தியில பூசினது காணாதுன்னு சாமானுக்கும் பூசிட்டீங்களா தங்கச்சி?"

மிஸ்ஸும் சிரித்துவிட்டார். "நானும் பூசுறனான் அக்கா. வாசல்ல கழுவிப்போட்டுத்தான் உள்ள வாறன். இதில ஒரு துகள் போதும், காதில வைக்கிறவைக்கு நாள் முழுக்க இரையும்." ஒரு மெல்லிய தூரிகையைத் தந்தார். "துடைச்சுத் தாங்கோ, பாப்பம்."

கண்ணை எடுக்காமல் மாலைவரை துடைத்தேன். மிஸ் ஒரு சுருளைச் சோதனைக் கருவியில் பொருத்தி, ஹெட்போனை என் காதில் மாட்டினார். அறையின் மறுகோடியில் சின்ன மைக்கோடு நின்ற ராத்தாவின் உதடு மட்டும் அசைந்தது. என் காதுக்குள்ளேயே வந்து சொன்னதுபோல், "ஒண்டும் பயப்புடாதீங்க தங்கச்சி" என்று கேட்டது.

முகம் தெரியாத யாரோ ஒருவருக்கு அவருடைய வீட்டார் குரல் என் சுருள் வழியாகத்தான் போகிறது என்ற நினைப்பு, இன்றும் ஒவ்வொரு தட்டை எடுக்கும்போதும் வருகிறது.

மறுநாள் நிரந்தரக் கடிதம் தந்தார்கள். வாசலில் உள்ள விதிப் பலகையில் 'பவுடர்' என்பதற்குப் பக்கத்தில் 'திருநீறு' என்று பேனாவால் எழுதியிருந்தது.