மூக்காயி அக்கா போட்ட வழக்கு

1998இல் என்மேல் வழக்குப் போட்டவர் மூக்காயி அக்கா. இலங்கையில் ஓப்பநாயக்க ஊருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நிறுவையில் அரைக் கிலோ குறைந்தாலும் தராசை விட்டு நகரமாட்டார். அப்படிப்பட்டவரிடம் போய் நான் மாட்டிக்கொண்டேன்.

நான் தோட்டப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியர். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். குரங்குக்கும் மனிதனுக்கும் மூதாதை ஒன்று என்று கூர்ப்பு, அதாவது பரிணாமப் பாடம் நடத்தினேன். அன்று மாலையே மூக்காயி அக்கா கூடையோடு வந்து வகுப்பு வாசலில் நின்றார்.

"தோட்டத்து மேனேஜர் தொரைதான் எங்கள கொரங்குன்னு ஏசுறாரு. நம்ம லயத்து வீட்டுல பொறந்து படிச்ச நீங்களுமா சேர்?"

படம் வரைந்து விளக்கினேன். படத்தைப் பார்த்ததும் கோபம் இன்னும் ஏறியது. மறுநாளிலிருந்து மகள் ஷாமிளாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. வகுப்பிலேயே கெட்டிக்காரி, சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கே மாதம். பிறகு டவுனில் ஒரு லோயரைப் பிடித்து, அந்தப் பாடத்தை நிறுத்தச் சொல்லிக் கோர்ட்டுக்கும் போய்விட்டார். தோற்றால் என் வேலை போய்விடும் என்றார் பாடசாலை அதிபர். பொய் சொல்வானேன், முதலில் என் வேலையைத்தான் நினைத்தேன். ஷாமிளாவின் ஞாபகம் அப்புறம்தான் வந்தது.

வழக்கு நாளில் அக்கா திருவிழாச் சேலையில் வந்திருந்தார். என் லோயர் பாடப்புத்தகத்தின் தமிழ், சிங்களப் பதிப்புகள் இரண்டையும் மேசையில் விரித்து வைத்தார். அதே பாடம், அதே படம்.

கூண்டிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். "இது சிங்களப் புள்ளைகளுக்கும் இருக்கா?"

"நாடு பூரா இருக்கு அக்கா," என்றேன்.

"தோட்டத்து ஸ்கூல்ல மட்டுந்தான் இப்பிடிச் சொல்லிக்குடுக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன்! அப்ப தொரையும் அந்த வழியில வந்தவருதானா?"

"அவருந்தான்."

அக்கா நீதிபதியை நிமிர்ந்து பார்த்தார். "ஐயாவுந்தானுங்களா?"

அதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்லக் கோர்ட் மொழிபெயர்ப்பாளர் தயங்கினார். அக்கா விடுவாரா? தானே சிங்களத்தில் கேட்டார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி, "ஒவ், மமத்," என்றார். ஆமாம், நானும்தான்.

கோர்ட்டே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். 'நானும்தான்' என்ற இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே வகுப்பு வாசலில் சொல்லத் தோன்றவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

"எல்லாருக்கும் ஒரே ஆத்தா அப்பன்னா எனக்கென்ன ரோசம்? கேஸ் வேணாங்க," என்றவர் என் பக்கம் திரும்பினார். "புள்ள நாளைக்கி வரும் சேர்."