கோலாலம்பூரில் ஒரு பெரட்டு

என் கையெழுத்தைப் பார்த்துப் பயந்துவிட வேண்டாம். ஐந்தாம் வகுப்போடு பேனாவைக் கீழே வைத்தவன் நான். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் கையொப்பம்தான். எங்கே சின்ன ‘ர’ வரும், எங்கே பெரிய ‘ற’ வரும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிழைகளை வாசகசாலைக்காரர்கள் திருத்திக்கொள்ளுங்கள். வெளிநாடு போகப் பெயர் கொடுத்திருக்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உதவும் என்று கேட்டதால் எழுதுகிறேன். மேடையில் வந்து சொல்லுங்கள் என்றுதான் முதலில் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் நின்றால் எனக்குத் தொண்டை காயும், பிறகு ஊர் ஞாபகம் வரும், பிறகு கழிப்பறை எங்கே என்று தேடுவேன். எழுதுவதே மேல்.

1. கத்தார்: ஒரு கட்டில், இரண்டு ஆள்

முதலில் போனது கத்தாருக்கு. கிளீனிங் வேலை. பெரிய கடைத்தொகுதி ஒன்றின் கார் பார்க்கைக் கூட்ட வேண்டும். மூன்று மாதம் பார்த்தேன். தெருவில் படுத்திருக்கும் ஆள் ஒருவர்கூடக் கண்ணில் படவில்லை. பதுளை பஸ் ஸ்டாண்டில் விடியற்காலையில் அட்டைப்பெட்டியை விரித்துப் படுத்திருப்பவர்களைத் தாண்டித்தான் பஸ் ஏறிப் பழக்கம். இங்கே அப்படி ஒன்றுமில்லை. கூட வேலை செய்த திருச்சிக்காரர் அந்தோணியிடம் சொன்னேன்.

“இந்த ஊர்ல ஏழைங்களே இல்ல போல, அண்ணே.”

“குளிக்கிற எடத்துல கண்ணாடி மாட்டிருக்கு. போய்ப் பாத்துட்டு வா” என்றார்.

எங்கள் கேம்பில் ஒரு கட்டிலுக்கு இரண்டு பேர். நான் எழுந்து வேலைக்குப் போனதும் இரவு ஷிப்ட் ஆள் வந்து படுப்பார். அவர் நேபாளத்துக்காரர் என்றார்கள். ஒரு வருடம் ஒரே தலையணையில் தூங்கியும் அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. அவருடைய தலை எண்ணெயின் வாசம் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த ஊரில் இல்லாதப்பட்டவர்களை மதில் கட்டி உள்ளே வைத்திருந்தார்கள். நானும் மதிலுக்கு உள்ளே இருந்ததால் எனக்குத் தெரியவில்லை.

2. மலேசியா: சோற்று வரிசை

இரண்டாவது மலேசியா. சாப்பாட்டுக் கடையில் வேலை என்று ஏஜெண்டு சொன்னார். போய்ப் பார்த்தால் கடைக்குப் பூட்டு. ஏஜெண்டின் போனுக்கும் பூட்டு. ஒரு மாடி அறையில் ஆறு பேர் இருந்தோம். மாத முடிவுக்குள் வேலை கிடைக்காவிட்டால் அந்த அறையும் இல்லை, ஊருக்குத்தான் திரும்ப வேண்டும்.

வேலை தேடி இறங்கிய மூன்றாவது நாள் காலை, ஒரு துணிக்கடை நடைபாதையில் ஆட்கள் வரிசையாக நிற்பதைக் கண்டேன். முன்னால் ஒரு பெண், கையில் கொப்பி. ஒவ்வொருவர் பெயரையும் கேட்டு எழுதுகிறார். எல்லாம் தமிழ்ச் சத்தம்.

எனக்கு உயிர் வந்தது. இது பெரட்டு அல்லாமல் வேறென்ன? நம் தோட்டத்தில் காலையில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதும் இப்படித்தானே. சட்டையை உள்ளே விட்டேன், தலையைக் கையால் படிய வாரினேன், பிந்தினால் நல்ல வேலை போய்விடும் என்று இரண்டு பேரை முந்திப் போய் நின்றேன்.

பெண் என் கையில் ஒரு சோற்றுப் பொட்டலத்தை வைத்தார்.

“எந்தப் பக்கங்க போவணும்?” என்று கேட்டேன்.

“எங்க போறீங்க? இங்கயே ஒக்காந்து சாப்பிடுங்க, அண்ணே.”

“வேல?”

வரிசை முழுக்கச் சிரித்தது. பின்னால் நின்ற வெள்ளைத் தாடிக்காரர்தான் அதிகம் சிரித்தார். அவர் பெயர் பெரியசாமி.

“தம்பி, இது வீடு இல்லாதவங்க வரிசைலா. வேல குடுக்குறவன் எவன் நமக்குச் சோறும் குடுப்பான்?”

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொப்பி வைத்திருந்த மேரி அக்கா வாங்கவில்லை. “எழுதியாச்சு, பிடிங்க. ஊர்ல வீடு இருக்கா?”

“இருக்குங்க. நமுனுகுல பக்கம், தேயிலத் தோட்டத்து லயத்து வீட்டுல.”

“யாரு பேர்ல?”

“தோட்டத்துப் பேர்ல.”

“வேலய விட்டா?”

“வீட்ல ஒருத்தராவது தோட்டத்துல பேர் பதிஞ்சிருக்கணும். இல்லன்னா விட்றணும்.”

“அப்ப இல்லன்னே எழுதிக்கிறேன்” என்று எழுதிவிட்டார்.

“நாலு தலைமுறையா இருக்கோம்” என்றேன் கோபமாக.

“நாங்களும் ரப்பர் தோட்டத்துல நாலு தலைமுறைதான்” என்றார் பெரியசாமி. “ரப்பர வெட்டிட்டு எண்ணெய்க்குச் செம்பனை நட கம்பெனிக்காரன் வந்தான், சாமான தூக்குன்னான். சாப்பிடு, ஆறிரும்.”

வேலை செய்யாமல் சோறு வாங்கி எனக்குப் பழக்கமில்லை. சாப்பிட்டு முடித்ததும் ஒரு துடைப்பத்தைத் தேடி எடுத்து, எல்லாரும் போட்ட இலைகளையும் காகிதங்களையும் கூட்டினேன். மறுநாளும் கூட்டினேன். நாலாம் நாள் துணிக்கடை முதலாளி பார்த்துவிட்டு, யார் இந்த ஆள் என்று கேட்டார்.

“நம்ம ஆளு, பாஸ். சிலோன். பேசத்தான் தெரியாது, கூட்டுனா ஊசி விழுந்தாலும் எடுத்துருவான்” என்றார் பெரியசாமி, என்னைக் கூட்டி வந்த கங்காணி மாதிரி. அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது.

3. தண்ணி அடிக்கச் சொன்ன வேலை

ஒரு மாதம் கழித்து முதலாளி கூப்பிட்டார்.

“இங்க பாரு சின்னையா, கஸ்டமருங்க மூஞ்ச சுளிக்கிறாங்க. நாளையிலேர்ந்து விடிய அஞ்சரைக்கு நடபாதைல பைப்பத் தொறந்து விட்ரு. ஈரமா இருந்தா எவனும் படுக்க மாட்டான்.”

“ஆளுங்க தூங்கிக்கிட்டு இருந்தா, பாஸ்?”

“அதுக்குத்தான் தண்ணி. முடியலன்னா சொல்லு, இந்த வேலைக்கு நாலு பேரு கேட்டுக்கிட்டு இருக்கான்.”

எனக்கு வேலை வாங்கிக் கொடுத்த பெரியசாமியும் அங்கேதான் படுப்பார். அவர் மேலேயே தண்ணீர் அடிக்க வேண்டும். அடிக்காவிட்டால் வேலை போகும். பெரியசாமியிடம் போய் நின்றேன். “விடிய அஞ்சரைக்காம், பாஸ் சொல்லிட்டாரு” என்றேன். கையால் பைப்பைக் காட்டினேன்.

அவர் கொஞ்ச நேரம் தாடியைச் சொறிந்தார். “நீ பெரட்டு தேடித்தானே வந்த? நீயே ஒண்ண வையேன். பேரச் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிக்க மாட்டோமா?”

அங்கே ஏழு பேர் படுப்பார்கள். ஏழு பெயரையும் மனப்பாடம் செய்தேன். மறுநாள் ஐந்து மணிக்கு நடைபாதையில் நின்று கூப்பிட்டேன். முதல் பெயர் எனக்கே கேட்கவில்லை.

“கணக்கப்புள்ள, பால் குடிக்கலயா?” என்று பெரியசாமி படுத்தபடியே கேட்டார். அந்த எரிச்சலில் சத்தம் வந்தது. “பெரியசாமி.” “இருக்கேங்க.” “முனியம்மா.” “இருக்கேன்பா, கத்தாத.” கடைசி ஆள் ஒரு சீனக் கிழவர், பெயர் ஆ சோங். தமிழில் எப்படிப் பதில் சொல்வது என்று அவருக்குப் பெரியசாமி சொல்லிக்கொடுத்திருந்தார். கிழவர் கையைத் தூக்கி “இருக்கே” என்றார். பாய், அட்டை, துணிமூட்டை எல்லாம் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். ஐந்தரைக்குத் தண்ணீர் அடித்தேன். முதலாளி வரும்போது தரை பளபளவென்று இருந்தது.

இரண்டு மாதம் இப்படி ஓடியது. ஒருநாள் சரக்கு லாரி விடியலிலேயே வந்ததால், முதலாளியும் என்னிடம் சொல்லாமல் வந்துவிட்டார். நான் நாலாவது பெயரைக் கூப்பிடும்போது பின்னால் நின்றுகொண்டிருக்கிறார்.  வேலை போச்சு என்று நினைத்தேன்.

“என்ன நடக்குது இங்க?”

நான் பைப்பைத் தேடி எடுத்தேன். பெரியசாமி எழுந்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: “பெரட்டு, பாஸ். எங்க ரெண்டு பேரு தோட்டத்துலயும் இப்படித்தான்.”

முதலாளி என்னைப் பார்த்தார், பைப்பைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். லாரியோடு வரவேண்டிய ஆட்கள் வந்திருக்கவில்லை.

“பேரு கூப்பிட்டா போதுமா? வேல பிரிச்சுக் குடுக்கணும்ல. மூட்ட எறக்க ரெண்டு பேர அனுப்பு.”

அன்று முதல் லாரி வரும் நாட்களில் இரண்டு பேருக்கு வேலை. யாருக்கு என்று நான்தான் பிரித்தேன். எல்லாருக்கும் அது விடிவு இல்லை. நான் ஊருக்குக் கிளம்பிய நாளிலும் பெரியசாமி அதே நடைபாதையில்தான் தூங்கினார். வயதுக்கு மூட்டை தூக்க முடியாது. “கணக்கப்புள்ள எனக்கு லேசான வேலையே போட மாட்டேங்குறான்” என்று கடைசிவரை திட்டினார்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இதுதான். கிளீனிங் வேலையில் ஒருநாள் உங்களிடமும் தரையில் படுத்திருப்பவரை எழுப்பச் சொல்வார்கள். காலால் தட்டாதீர்கள், தண்ணீர் அடிக்காதீர்கள். முதல் நாளே பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் சொன்னால் எழுந்துவிடுவார்கள்.

நமுனுகுல,
2024 ஜனவரி 28, ஞாயிற்றுக்கிழமை.