கறியில் இறங்கும் மருந்து

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கதிர்வேலின் கறிக்கோழிப் பண்ணை இருக்கிறது. அங்கே எந்தக் கோழிக்குச் சளி, எது தண்ணீர் குடிக்கவில்லை என்று முதலில் கண்டுபிடிப்பவள் அன்புக்கரசிதான். அவளும் கணவன் ஆல்வினும் பண்ணையிலேயே ஓர் அறையில் குடியிருந்தார்கள். கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம். "கோழிகூட நாஞ் சொன்னாக் கேக்குது, நீங்கதான் கேக்க மாட்டீங்கறீங்க" என்று புருஷனைச் சீண்டாத நாள் கிடையாது.

கல்யாணமாகிப் பல வருஷம் பிள்ளையில்லை. சர்ச்சில் முட்டி போட்டாள். பக்கத்துக் கோவில் மரத்தில் தொட்டிலும் கட்டினாள். யார் காது கொடுத்தார்களோ, ஒருவழியாக உண்டானாள். அப்புறம் பாருங்கள், டீ வேண்டாம், பப்பாளி வேண்டாம், கடைப் பரோட்டா கண்ணில் படவே கூடாது!

ஏழாம் மாதச் சோதனையில் சிறுநீரில் கிருமி இருந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் வரலட்சுமி மாத்திரை கொடுத்தாள். "ஒண்ணு உடாமப் போட்டு முடிச்சரோணும் அம்மணி."

"ஏனுங்க சிஸ்டர், இது கொழந்தைக்குப் போகுமுங்களா?"

பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. "போகும், தொப்புள்கொடி வழியாப் போகும். ஒண்ணும் பண்ணாது, தைரியமாப் போடு."

'போகும்' என்றது மட்டும்தான் அவள் காதில் நின்றது.

பண்ணையில் கோழிக்கு நோய் வந்தால் தண்ணீரில் கிருமி மருந்து கலப்பார்கள். கோழிகளை விற்பனைக்கு லோடு ஏற்றும் நாள் நெருங்கினால் அதை நிறுத்திவிட வேண்டும். "மருந்து கறியில எறங்கி நிக்கும், திங்கறவனுக்கு ஆகாது" என்று கதிர்வேல் சொல்லாத தடவை இல்லை. நிறுத்துகிற வேலை அன்புக்கரசியுடையது. விற்கப்போகிற கோழிக்கே ஆகாத மருந்து, வயிற்றிலிருக்கும் பிஞ்சுக்கு மட்டும் ஆகுமா? இதுதான் அவள் போட்ட கணக்கு. தப்புக் கணக்குதான், ஆனால் திட்ட யாருக்கு வாய் வரும்? பண்ணையில் அந்தக் கணக்கு ஒருநாளும் பிசகியதில்லையே!

மாத்திரைகளைக் கோழி எருவுக்குள் புதைத்துவிட்டாள்.

"மாத்திரை போட்டயா கண்ணு?" என்று ஆல்வின் கேட்பான்.

"போட்டுட்டனுங்க."

ஒன்றுக்குப் போகையில் எரிச்சல் வந்தது, வெயில் சூடு என்று மோர் குடித்தாள். இடுப்பைப் பிய்த்தது, பிள்ளை புரளுகிறது என்று சிரித்தாள். பிறகு குளிர்க் காய்ச்சல் வந்து உடம்பைத் தூக்கிப் போட்டபோதுதான் ஆல்வின் பயந்துபோய் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நாள் நிறையாமலே பெண் பிறந்தது. உள்ளங்கையில் அடங்குகிற முகம். மூச்சுக்குத் திணறிய அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள்.

டாக்டர் புவனா கட்டிலருகே வந்து, கொடுத்த மாத்திரையை முழுசாகப் போட்டாயா என்று கேட்டார். அன்புக்கரசி மறைக்கவில்லை. கோழிக் கதையையும் சேர்த்தே சொன்னாள்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "சில மருந்து வயித்துப் பிள்ளைக்கு ஆகாதுதாம்மா, அதை நாங்க தரமாட்டோம். இது அப்படியில்ல. உன் ரத்தத்துல கலந்து கிருமியக் கொன்னிருக்கும். கொடி வழியாப் போயி பாப்பாவுக்கும் காவலா நின்னிருக்கும். இப்ப உன் கிருமி பாப்பா ரத்தத்துல இருக்குது. ஊசியில மருந்து ஏத்தறோம், கேக்க மாட்டேங்குது."

ஆல்வின் சுவரோரம் நின்றிருந்தான். "போட்டன்னு சொன்னயே கண்ணு" என்றான்.

அவள் எழுந்து டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், அந்த மாத்திரையக் குடுங்க. எல்லாத்தையும் இப்பவே போட்டுக்கறனுங்க. எனக்கு என்ன ஆனாலும் செரி. பாப்பாவுக்குப் போயிருமுங்கல்ல?"

"கொடிய அறுத்தாச்சேம்மா" என்றார் டாக்டர்.

அன்று சாயங்காலம் பிள்ளை போய்விட்டது.