ஹடப்சர் ஸ்கேன் சென்டரில் பாக்ஸ் மாட்டிய நாள்

நெட்வொர்க் பாக்ஸ் மாட்டுவதற்காக நான் போனபோது காத்திருப்பு அறையில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே ஜூலை மழை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் பஸ்ஸும் ஆட்டோவும் தண்ணீருக்கு அடியில் நகர்வதுபோல் தெரிந்தன. யாருக்கும் எந்த அவசரமும் இல்லாததுபோல ஓர் அமைதி. உண்மையில் எல்லோரும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

டெக்னீஷியன் ரேவதி புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். என் பெயரைக் கேட்டதும் தமிழுக்கு மாறினார்.

"அரே அண்ணா, இமேஜ் போறதே இல்ல. ஸ்க்ரீன்ல கோல் கோல்னு வட்டமா சுத்திட்டே இருக்கு. பேஷண்ட்லாம் எங்களத்தான் திட்றாங்க."

ஸ்கேன் படங்கள் க்ளவுடில் ஏற வேண்டும். விமான் நகரில் இருக்கும் டாக்டர் அவற்றைத் திறந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். ஆனால் இந்தக் கிளையின் இன்டர்நெட் டிராஃபிக் மொத்தமும் மும்பை ஹெட் ஆபீஸைச் சுற்றிக்கொண்டுதான் க்ளவுடுக்குப் போனது. நான் கொண்டுபோன பாக்ஸ் அதை இங்கிருந்தே நேராக அனுப்பும். எந்த அப்ளிகேஷனுக்கு முதல் வழி என்பதையும் அதில் சொல்லிவைக்கலாம். ஹெட் ஆபீஸ் தந்த செட்டிங்கில் பில்லிங்தான் முதலில் இருந்தது. ரேவதியிடம் கேட்டேன்.

"பில் அப்புறம் போடலாம் அண்ணா. இமேஜ்தான் முக்கியம்."

மாற்றிவைத்தேன். கேபிளில் கை வைக்கும் நேரத்தில் ஒருவரை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. பேச்சு குழறியது. மனைவி அவர் கையை விடவே இல்லை.

"இப்ப எதையும் தொடாதீங்க," என்றார் ரேவதி.

கையை எடுத்துக்கொண்டேன். ஸ்கேன் முடிந்து படங்கள் ஏறத் தொடங்கின. பாதியில் நின்றன. போனில் டாக்டர் இந்தியில் கத்தினார். "பாதிதான் வந்திருக்கு. மூளைல ரத்தம் கசியுதா இல்லையான்னு எப்படிச் சொல்றது?"

இப்போது கேபிளைப் பாக்ஸுக்கு மாற்றினால் ஏறிய பாதியும் போய்விடும். பாக்ஸ் கிளம்பாவிட்டால் எதுவுமே மிஞ்சாது. இதை ரேவதியிடம் மறைக்காமல் சொன்னேன். அவர் கண்ணாடி வழியாக அந்த மனைவியைப் பார்த்தார்.

"போட்டுடுங்க அண்ணா."

போட்டேன். பாக்ஸின் விளக்கு மஞ்சளாகவே எரிந்தது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. எங்கோ தொலைவிலிருந்து என் கைகளை நானே பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பிறகு பச்சை. ரேவதி மறுபடி அனுப்பினார். சாம்பல் நிறப் படங்கள் மூடுபனிக்குள்ளிருந்து நடந்து வருவதுபோல ஒன்றன்பின் ஒன்றாக ஏறின.

"வந்துருச்சு," என்றார் டாக்டர். இப்போது குரல் தணிந்திருந்தது. "கசிவு இல்ல. உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ரத்தக் கட்டியைக் கரைக்கிற ஊசி போட இன்னும் நேரம் தாண்டல."

ஆம்புலன்ஸ் மழைக்குள் கரைந்து மறைந்தது. ரேவதி நாற்காலியில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அழுதார்.

சில வாரங்கள் கழித்து அவரே போன் செய்தார். "அந்த பேஷண்ட் வந்தாரு அண்ணா. காலு கொஞ்சம் இழுக்குது. ஆனா நடந்தே வந்தாரு."

புதிதாகக் கிளைகளுக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஸ்பீட் டெஸ்ட் பிறகு ஓட்டலாம். இங்கே எது தாமதமானால் யாருக்கு வலிக்கும் என்று முதலில் அங்கே வேலை செய்கிறவரிடம் கேளுங்கள். அது ஹெட் ஆபீஸின் செட்டிங்கில் இருக்காது.