ஆறு இந்தப் பக்கம், சார்

ஸ்ரீரங்கத்தில் என் தோளைப் பிடித்துத் திருப்பாத ஆட்கள் குறைவு. அம்மா மண்டபம் படித்துறையில் காமிராவோடு போய் நின்றால் போதும், யாராவது ஒரு புண்ணியவான் வந்துவிடுவார். "ஆறு இந்தப் பக்கம், சார்" என்று பிடித்துத் திருப்பி நிறுத்திவிட்டு, பெரிய கைங்கரியம் முடித்த திருப்தியோடு போவார். அவர் போகும்வரை பொறுத்திருந்து, நான் பழையபடி திரும்பிக்கொள்வேன்.

எனக்கு நடுப்பார்வை இல்லை. எதை நேருக்கு நேர் பார்க்கிறேனோ அது இருக்காது, அதைச் சுற்றி உள்ளதெல்லாம் இருக்கும். கல்யாணம் ஆன புதிதில் தொடங்கிய கோளாறு இது. முதலில் மனைவியின் மூக்கு போனது, அப்புறம் முகமே போனது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அவள் காதுக்குப் பக்கத்தில் இருக்கும் சுவரைப் பார்க்க வேண்டும். ஆற்றைப் பார்க்க வேண்டுமென்றால் மண்டபத்துத் தூணைப் பார்க்க வேண்டும். காக்கை மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துத்தான் என் பார்வை நடக்கும். "தெருவுல போற பொம்பளைங்களை எல்லாம் ஓரக்கண்ணால பார்க்கிறீங்கன்னு ஒருநாள் அடி வாங்கப் போறீங்க" என்பாள் மனைவி.

பார்வை குறைந்தால் காது கூர்மையாகும் என்று சொல்லாத ஆளும் குறைவு. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் பொருளாதாரம் நடத்துகிறேன், கடைசி பெஞ்சில் என்ன பேசுகிறார்கள் என்று இன்றுவரை கேட்டதில்லை. ஆனால் கேட்டவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். அந்த பதிலைக் கேட்டால் அவர்களுக்கு ஒரு சந்தோஷம்.

எடுக்கும் படங்களை வீட்டு டிவியில் போட்டு, கன்னத்தைத் திரையில் ஒட்டாத குறையாக வைத்துக்கொண்டு, மூலை மூலையாகப் பார்ப்பேன். தேறாததை அழித்துவிடுவேன். அப்படித் தேறிய ஒரு படம்தான் கொள்ளிடம். வெள்ளம் வடிந்த மறுவாரம் எடுத்தது. மணல் வரிவரியாகக் கிடக்கும், ஒரே ஒரு வாய்க்கால் அதில் வளைந்து ஓடும், வளைவில் நாணல் பூத்து நிற்கும். வேறு ஒன்றும் கிடையாது. அதற்காகப் பல நாள் விடியற்காலையில் போய்க் காத்துக் கிடந்திருக்கிறேன்.

திருச்சியில் ஒரு புகைப்படச் சங்கம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கூட்டமாகக் கிளம்பிப் போய், ஒரே மீன்கொத்தியை இருபது பேர் எடுத்துக்கொண்டு வரும் சங்கம். அதன் செயலாளர் திருவெறும்பூர்க்காரர், ரிட்டையர் ஆன என்ஜினீயர். மீன்பிடிக்கிறவர் மாதிரி உடம்பெல்லாம் பை வைத்த ஒரு சட்டை போட்டிருப்பார். கண்காட்சிக்குப் படம் கேட்டு வீட்டுக்கே வந்தார். கொள்ளிடத்தைக் காட்டினேன். டிவிக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"சார், தப்பா நினைக்காதீங்க. இது வீட்ல அம்மா எடுத்தாங்களா?"

என் மனைவி காமிராவைத் தொட்டதே கிடையாது. கல்யாண வீடுகளில் யாராவது போனைக் கொடுத்து எடுக்கச் சொன்னால், மாப்பிள்ளைக்குத் தலை இருக்காது. உள்ளே இருந்து அவள் சிரித்த சிரிப்பு வாசல்வரை கேட்டிருக்கும். செயலாளர் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்.

அப்புறம் நான் இன்னும் அழிக்காமல் வைத்திருந்த கார்டை வாங்கித் தன் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார். அதில் ஒரு படம், படி இறங்கும்போது பைக்குள்ளேயே பட்டன் அழுந்தித் தானாகப் பதிவானது. பையின் ஓரம், கொஞ்சம் வெளிச்சம், மற்றதெல்லாம் கருப்பு. அதைப் பார்த்ததும் மனிதர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினார்.

"இதுல ஒரு வலி இருக்கு சார். இதைப் பெருசா போடுறோம்."

"அது துணிப்பை" என்றேன்.

"நீங்க அப்படித்தான் சொல்வீங்க" என்றார்.

இந்த மாதிரி ஆட்களை வாசலோடு அனுப்பிவிடுவதுதான் என் வழக்கம். அன்று அனுப்பவில்லை. கொள்ளிடம் ஒரு சுவரில் தொங்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது, வெறி என்றே சொல்லலாம். என் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அதுவரை என்னைத்தான் பார்த்திருக்கிறார்கள். "பாவம்", "கண்ணு தெரியாமலே இப்படியா", "கடவுள் ஒண்ணை எடுத்தா ஒண்ணைக் கொடுப்பார்." யாராவது ஒருத்தர், ஒரே ஒரு தடவை, எடுத்தவன் யார் என்று யோசிக்காமல் அந்த ஆற்றைப் பார்க்க மாட்டார்களா என்று ஏங்கிப் போயிருந்தேன். அதனால், பெயருக்குப் பக்கத்தில் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கக் கூடாது, துணிப்பையை விட்டுவிட்டுக் கொள்ளிடத்தைப் போட வேண்டும் என்று பேரம் பேசினேன். அவரும் ஒரு நிபந்தனை வைத்தார். சங்கத்துக்காரர்கள் முன்னால் நான் ஒரு படம் எடுத்துக் காட்ட வேண்டுமாம். "எங்க மெம்பர்ஸுக்கு ஒரு நம்பிக்கை வரணும்ல சார்." சரி என்று சொல்லித் தொலைத்தேன்.

ஆடி மாதம். முக்கொம்பு அணையில் கொள்ளிடத்துக்குத் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆற்றில் இறங்காதீர்கள் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். காலையில் எல்லாரும் கொள்ளிடக் கரையில் கூடினோம். தண்ணீர் இன்னும் எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. அகலமாக மணல் கிடந்தது. மெம்பர்கள் அத்தனை பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, என்னைப் பார்த்தபடி வரிசையாக நின்றார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்குக் காமிரா. கையில் போனை வைத்து என்னை வீடியோ எடுத்தார்கள்.

நான் வழக்கம்போல் ஒரு வேப்பமரத்தைப் பார்த்து நின்றேன். ஆறு ஓரத்தில் நன்றாக விரிந்திருந்தது. செயலாளர் ஓடிவந்தார்.

"ஆறு இந்தப் பக்கம், சார்."

திருப்பினார். ஆறு போய்விட்டது. நான் மறுபடி மரத்துக்குத் திரும்பினேன். அவர் மறுபடி என்னை ஆற்றுக்குத் திருப்பினார். விளக்கிச் சொன்னேன். "புரியுது, புரியுது" என்று சொல்லிக்கொண்டே தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

அப்போது இடது ஓரத்தில் ஏதோ அசைந்தது. எஞ்சியிருக்கும் என் பார்வைக்கு முகம் தெளிவாகத் தெரியாது, எழுத்து தெரியாது, ஆனால் அசைவு தப்பாது. மேற்கே மணல்மேல் பழுப்பாக ஒன்று ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. தண்ணீர். நுரையும் சருகுமாக, மணலைத் தடவிக்கொண்டு, முதல் தண்ணீர். வருடா வருடம் பார்க்கக் கிடைக்காத காட்சி. காமிராவை அந்தப் பக்கம் தூக்கினேன்.

"அங்கே ஒண்ணும் இல்ல சார், இங்கே" என்று அவர் லென்ஸையே பிடித்து நடுவுக்கு இழுத்தார். பட்டனில் இருந்த என் விரல் அந்த இழுப்பில் அழுந்திவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். தட்டி முடிந்த பிறகுதான் யாரோ திரும்பிப் பார்த்து, "ஐயோ, தண்ணி வந்திருச்சுய்யா!" என்று கத்தினார். அதற்குள் அது எங்களைத் தாண்டிக் கிழக்கே போயிருந்தது. அத்தனை காமிராவில் ஒன்றுகூட அதை எடுக்கவில்லை. கரையில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். அதையும் வீடியோ எடுத்தார்கள்.

கண்காட்சி திறந்த அன்று மனைவியோடு போனேன். வாசலுக்கு நேர் எதிரில், ஆள் உயரத்துக்கு, அன்று கரையில் செயலாளரின் கை எடுத்த படம் என் பெயரோடு தொங்கியது. வெறும் மணல், ஒரு பக்கம் சரிந்தது. கீழே பெரிய எழுத்தில் என்ன இருக்கிறது என்று மனைவி படித்தாள். "பார்வையற்றவரின் பார்வையில் கொள்ளிடம்." அதற்கு முன்னால் நின்று ஒரு அம்மாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"உங்க கொள்ளிடம் எங்கே?" என்று மனைவி தேடிக்கொண்டு போனாள். தண்ணீர் கேன் வைத்திருந்த மூலையில் இருந்தது. பெயரைப் படித்தவள், "என் பேரைப் போட்டிருக்கானுங்க" என்றாள். குரல் நடுங்கியது. அவளுக்குக் கோபம் வந்தால் குரல் நடுங்கும். "அந்த ஆளை வரச் சொல்லுங்க. இல்லாட்டி இதைக் கழட்டி எடுத்துக்கிட்டே வீட்டுக்குப் போறேன்."

போகத்தான் இருந்தோம். அதற்குள் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர் தண்ணீர் குடிக்க அந்த மூலைக்கு வந்தார். கூட அவர் மனைவி. குடித்துவிட்டு டம்ளரை வைக்கப் போனவர், வைக்காமல் அப்படியே நின்றார்.

"கொள்ளிடம். நாணல் பூத்திருக்கு பாரு."

"ஆமாங்க. நம்ம தொட்டியத்துப் பக்கம் மாதிரியே இருக்கு."

"மணல் இன்னும் காயல. கால் வச்சா உள்ளே போவும்" என்று சொல்லி அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். நிஜமாகவே வைத்தார். கீழே இருந்த பெயரை இரண்டு பேரும் படிக்கவில்லை.

நான் மனைவியின் கையைப் பிடித்து நிறுத்தினேன். அந்த மனிதரை நேராகப் பார்த்தால் காணாமல் போய்விடுவார். அதனால் பக்கத்துச் சுவரைப் பார்த்தபடி நின்று, ஓரத்தில் அவரையும் ஆற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டேன். டம்ளர் இன்னும் அவர் கையில்தான் இருந்தது. எனக்கு அழுகை வந்தது.

அப்போது தோளில் ஒரு கை விழுந்து, என்னைப் பிடித்துத் திருப்பியது.

"உங்க படம் இந்தப் பக்கம், சார்."