கரண்ட் போன பிறகும் கேட்ட விசில்

எங்கள் சபையின் சவுண்ட் மிக்ஸரை யாரோ எனக்குத் தெரியாமல் திருகுகிறார்கள் என்று நம்பி நான் நிம்மதி இழந்திருந்தேன். அதிலிருந்து ஆண்டவர் என்னை எப்படி வெளியே கொண்டுவந்தார் என்பதைச் சொல்கிறேன், பிரியமானவர்களே.

என் ஊர் கூட்டேரிப்பட்டு. எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்து, விழுப்புரத்தில் இன்வெர்ட்டர் சர்வீஸ் கடையில் வேலை பார்க்கிறேன். படிக்கிற காலத்திலிருந்தே சபையில் சவுண்ட் என் பொறுப்பு. எனக்குப் பாட வராது, பிரசங்கிக்கத் தெரியாது. என்னிடமிருந்த ஒரே ஊழியம் அந்த மிக்ஸர்தான்.

போன புத்தாண்டு ஆராதனைக்குப் பிறகு தொல்லை ஆரம்பித்தது. பாட்டு மங்கலாகக் கேட்டது. கீச்சு ஓசையைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றி வைப்பேன். சில வாரத்தில் மறுபடியும் மங்கல். கூடவே ஸ்பீக்கரிலிருந்து மெல்லிய விசில் ஒன்று. ஒயரை மாற்றினேன். எர்த் பார்த்தேன். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றித் துடைத்தேன். விசில் நிற்கவில்லை. கருவியில் பழுதில்லை என்றால் மனிதர்தான் காரணம் என்று என் புத்தி போயிற்று.

பாட்டு நடத்தும் எஸ்தர் அக்கா மேல் சந்தேகம் விழுந்தது. காரணங்களை மனதில் வரிசையாக அடுக்கினேன். ஒன்று, சபைச் சாவி அவரிடம் இருந்தது. இரண்டு, மிக்ஸரைத் தன் கொழுந்தன் கொஞ்ச நாள் பார்க்கட்டுமே என்று ஒரு முறை சொல்லியிருந்தார். மூன்று, என் சவுண்டைக் கெடுத்துக் காட்டவே பாட்டில் சொற்களை விழுங்குகிறார். நான்காவதுதான் என்னை வதைத்தது. எங்கள் சபையில் பெண்கள் முக்காடு போட்டு, முந்தானை நுனியை வாய்மேல் பிடித்துக்கொண்டு ஜெபிப்போம். ஜெபம் முடிந்தும் அக்கா அப்படியே பக்கத்தில் இருப்பவரிடம் ஏதோ பேசுவார். ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடாது. பிறகு இருவரும் சிரிப்பார்கள். என்னைப் பற்றி இல்லாமல் வேறு எதற்கு?

ஒரு ஞாயிறு அவரே மிக்ஸர் அருகே வந்தார்.

"இன்னாம்மா, காதக் குத்தற மாதிரி வச்சிக்கினு இருக்கிற? முன்னாடி இருக்கறவங்க காதப் பொத்திக்கினு பாடறாங்க. ஆண்டவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அன்றைக்கே மிக்ஸரைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோனேன். அடுத்த வாரமும் பாட்டு மங்கல்தான். கள்ளச்சாவி போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு வந்திருந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம். கூட்டம் முடிந்ததும் பாஸ்டர் ஐயாவிடம் பேசிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். எஸ்தர் அக்கா பாட்டு நடத்தினால் இனி நான் வரமாட்டேன். முழங்காலில் நின்று அழுதேன். "ஆண்டவரே, யார் செய்கிறார்கள் என்று இன்றைக்கு எனக்குக் காட்டும்." வேறொன்றும் கேட்கவில்லை.

கரண்ட் போனது.

ஃபேன்கள் நின்றன. ஐயா எல்லாரையும் அமைதியாக ஜெபிக்கச் சொன்னார். அந்த அமைதியில் விசில் தெளிவாகக் கேட்டது. சபையின் இன்வெர்ட்டர் பேட்டரியைச் சர்வீசுக்கு எடுத்துப்போனவளே நான்தான். எந்த ஒயரிலும் கரண்ட் இருக்க வழியில்லை. ஆம்ப்ளிஃபயர் பிளக்கையும் பிடுங்கினேன். பிளக் என் கையில். விசில் நிற்கவில்லை.

அருகில் முக்காட்டோடு இருந்த எஸ்தர் அக்காவிடம் விசில் கேட்கிறதா என்றேன். முந்தானைக்குள்ளிருந்து ஏதோ சொன்னார். புரியவில்லை. மறுபடியும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்தவர் முந்தானையை இறக்கினார்.

"எந்த விசிலு? கரண்டே இல்லியேம்மா."

உதடு தெரிந்ததும் ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. இத்தனை மாதம் நான் காதால் மட்டும் கேட்கவில்லை, வாயைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன். வாய் மறைந்தால் என் காதுக்குச் சொல் எட்டவில்லை. யார் என்று நான் ஜெபத்தில் கேட்டதை ஆண்டவர் காட்டிவிட்டார். நான் எதிர்பார்த்த ஆள்தான் இல்லை.

விழுப்புரத்தில் காது டாக்டரைப் பார்க்க அக்காவே கூட வந்தார். கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டிப் பரிசோதித்தார்கள். என் சந்தேகம் அங்கும் விடவில்லை. திண்டிவனத்தில் வேறு இடத்திலும் பரிசோதித்தேன். இரண்டு வரைபடங்களும் ஒரே மாதிரி சரிந்திருந்தன. கீச்சென்ற ஓசைகள் எனக்குக் குறைந்துவிட்டன, இடது காதில் அதிகமாக. அதனால்தான் பாட்டு மங்கியது; பேச்சின் சத்தம் கேட்கும், சொல் பிரியாது. விசிலும் என் காதுக்குள்ளேயே எழுந்ததுதான்.

ஏன் இடது காது? எங்கள் சபையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். நான் பெண் என்பதால் மிக்ஸர் மேசையைப் பெண்கள் பக்கம், பெரிய ஸ்பீக்கரை ஒட்டிப் போட்டிருந்தோம். அது என் இடது தோளில் இடிக்கும். சத்தம் கூடினால் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் கூடும் என்று நாங்கள் எல்லாரும் நம்பினோம். போதாததற்கு பஸ்ஸில் போகவர இயர்போனில் பாட்டு. உள்காதில் சத்தத்தை உணரும் நுண்ணிய செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது என்று டாக்டர் சொன்னார். சபையில் ஒருவர், ஜெபித்த எண்ணெயைக் காதில் ஊற்றச் சொன்னார். எண்ணெய், குச்சி, எதுவும் காதுக்குள் போகக்கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். எண்ணெயை நெற்றியில் பூசிக்கொண்டேன்.

என் காது பழையபடி ஆகவில்லை. அற்புதம் நடந்ததா என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன்: ஒரு சகோதரியை இழக்க இருந்தேன், இழக்கவில்லை. மீதியிருந்த கேட்கும் திறனையும் இழக்க இருந்தேன், அதுவும் காக்கப்பட்டது. இடது காதில் மெஷின் போட்டிருக்கிறேன். மேசை ஸ்பீக்கரை விட்டுத் தள்ளிப் பின்சுவருக்குப் போயிற்று. சத்தத்தைக் குறைத்துவிட்டோம். ஊழியம் என்னிடமே இருக்கிறது. ட்ரெபிள் எவ்வளவு என்பதை மட்டும் எஸ்தர் அக்கா கையைக் காட்டிச் சொல்வார். என்னிடம் பேசும்போது முந்தானையை இறக்கி, எதிரே வந்து நிற்பார்.

வீட்டில் எல்லாரும் முணுமுணுக்கிறார்கள், என்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று மனம் கசந்திருப்பவர்கள் இதைப் படிக்கலாம். யார் என்று காட்டும்படி நீங்களும் ஆண்டவரிடம் கேளுங்கள், காட்டுவார். கேட்டுவிட்டு, எழுந்து போய்க் காதையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

விசில் இன்னும் இருக்கிறது. அமைதியாக ஜெபிக்கும் நேரத்தில் நன்றாகவே கேட்கும். இப்போது நான் திரும்பி யாரையும் பார்ப்பதில்லை.